நம்மாட்கள் வெள்ளையில் வந்த சனிக்கிழமை

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே அப்பா, நான், உன் தங்கை மூன்று பேரும் சுகம். அங்கே நீ சுகம் என்று உன் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், அதையே நீ உன் கையால் எழுதினால் இன்னும் நிம்மதியாக இருப்பேன். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதை அடக்கி வைத்துக்கொண்டு மற்றதை எழுத எனக்குப் பொறுமை இல்லை. அப்பா தேறிவிட்டார். திங்கட்கிழமை டிப்போ டாக்டர் பரிசோதித்துவிட்டு மறுபடியும் பஸ் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். நேற்றுக் காலை சீருடையை நானே தேய்த்துக் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்று தொப்பியை இப்படி வைத்துப் பார்க்கிறார், அப்படி வைத்துப் பார்க்கிறார், முதல் நாள் வேலைக்குப் போகிற பிள்ளை தோற்றது போ. நான் ஜன்னலிலேயே நின்றேன். அவர் பஸ் நம் தெருமுனையில் திரும்பும்போது ஒரு ஹாரன் அடித்தார் பார், ஆஸ்பத்திரிக்கு எதிரே, அடிக்கவே கூடாத இடம். வேறு நாளாக இருந்தால் சாயங்காலம் வந்ததும் திட்டியிருப்பேன். நேற்று அந்தச் சத்தத்தில்தான் இத்தனை மாதமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே அப்பாவிடம் கொடு என்பாய், நீங்கள் இரண்டு பேரும் கால்பந்தைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நடுவில் நுழைய இடம் கிடைக்காது. கடிதத்தில் நான் மட்டும்தான் பேசுவேன், நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்பா விஷயத்தில் உன்னிடம் பாதிதான் சொல்லியிருந்தோம், தூரத்தில் இருக்கிற பிள்ளையை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்றுதான். அன்றைக்கு நம் டீம் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றதே, அந்த மேட்ச் முடிந்ததும் அவர் குளியலறைக்குப் போய்ச் சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை, கேட்டதற்குப் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பிரஷர் தலைக்கேறி நிற்கிறது என்றார்கள். டிப்போவில் உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது என்று இறக்கிவிட்டு, பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைப் பாதுகாக்கிற அறையில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. சுற்றிலும் குடை, ஒற்றைக் கையுறை, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில். தினமும் வீட்டுக்கு வந்து இன்னைக்கு ஒரு பல்செட்டு வந்துச்சு, எவனோ பொக்கை வாயோட இறங்கிப் போயிருக்கான் என்று சிரிக்கப் பார்ப்பார், சிரிப்பு பாதியில் நின்றுவிடும். பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் ஆசைப்படாத மனுஷன், உனக்குத் தெரியாததா. திங்கட்கிழமை பரிசோதனைதான் கடைசி, அதில் தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை அந்தக் குடைகளோடுதான் என்று டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அவர் பஸ் ஓட்டாததுகூடக் கவலையில்லை, அந்த அறைக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் போவதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இதில் இதய டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். கெட்டிக்காரி. மேட்ச் பாக்காதீங்கன்னு சொன்னா நீங்க எனக்குத் தெரியாமப் பாப்பீங்க, அதனால பாருங்க, ஆனா பதிவு பண்ணி வச்சு, முடிவு தெரிஞ்ச பிறகு பாருங்க என்றார். அதற்கு வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம். மேட்ச் நடக்கும்போது அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுத் தெருவைச் சுற்றி நடக்கப் போய்விட வேண்டும். உன் சித்தப்பா அவர் வீட்டில் மேட்சைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரே வார்த்தை சொல்லுவார். ஜெயித்தால் போடலாம், தோற்றால் வேண்டாம். எத்தனை கோல் என்று சொல்லக் கூடாது, அது அப்பாவின் நிபந்தனை, கொஞ்சமாவது ருசி இருக்க வேண்டுமாம். போடலாம் என்றால் அப்பா கையைத் தேய்த்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருவார். வேண்டாம் என்றால் பதிவை அழித்துவிட்டு உன் தங்கை வேறு ஏதாவது போடுவாள், அவர் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். பார்க்காத தோல்விக்கே இந்தக் கோலம். அந்த ராத்திரிகளில் காலையில் பிரஷர் பார்த்தால் ஏறித்தான் இருக்கும். டாக்டரம்மாவின் வைத்தியம் பாதிதான் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்தது, யாரிடம் சொல்ல.

போன சனிக்கிழமை நடந்தது இது. திங்கட்கிழமை பரிசோதனை, நடுவில் இந்த மேட்ச். அப்பா நடக்கப் போய்விட்டார், உன் தங்கை வகுப்புக்குப் போயிருந்தாள். சித்தப்பாவிடமிருந்து போன். அண்ணி, ஒரு கட்டடத்துல லிஃப்ட்டு நடுவுல நின்னுபோச்சு, உள்ள ரெண்டு பேரு மாட்டியிருக்காங்க, ரிப்பேருக்கு என்னைத்தான் கூப்பிடுறாங்க, நான் ஓடுறேன், இன்னைக்கு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க என்றார். நானா? இந்த வீட்டில் நான் மேட்ச் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் டீ கொண்டுவந்து வைத்தேன், அதே நொடியில் எதிராளி கோல் போட்டான். அன்றோடு அப்பாவும் நீயும் சேர்ந்து எனக்கு ராசியில்லை என்று முடிவு கட்டிச் சமையலறைக்கு நாடு கடத்தினீர்கள். மேட்ச் என்றால் எனக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற கூச்சல் மட்டும்தான். அப்புறம் அந்தச் சிவப்புச் சட்டை. ஜெயித்துக்கொண்டே இருந்தால் ராசி போய்விடும் என்று துவைக்கப் போட மாட்டீர்கள், தோற்றால் கோபத்தில் மூலையில் எறிவீர்கள், எப்படியும் அதன் நாற்றத்தோடு மல்லுக்கட்டியது நான்தான். நம் டீமைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சட்டையின் சிவப்புதான், எந்தத் தண்ணீரில் சாயம் போகும் என்றுகூடச் சொல்லுவேன்.

சரி என்று டிவியைப் போட்டேன். ஜன்னல் திறந்திருந்தது, அப்பா சுற்றிச் சுற்றிக் கீழேதான் நடந்துகொண்டிருந்தார், அதனால் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தையல் கடையில் மிஷின் மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன், மேல் மூலையில் எழுதியிருப்பது எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிந்தது. எழுத்து எதற்கு, சிவப்புச் சட்டைதான் தெரிகிறதே என்று உட்கார்ந்தேன். பெரியவனே, இப்படி ஒரு சுகத்தையா இத்தனை வருஷமாக என்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்தீர்கள்? சிவப்புச் சட்டையில் ஒரு நெட்டையன், ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கிறான், காலுறை இரண்டும் இறங்கிக் கிடக்கிறது, கூப்பிட்டு இழுத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அவன்தான் இரண்டு கோல் போட்டான். முதல் கோலுக்கு நான் எழுந்து நின்றுவிட்டேன், இரண்டாவதற்குச் சத்தம் கீழே கேட்டுவிடக் கூடாதே என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினேன். வெள்ளைச் சட்டையில் ஒருத்தன் நெட்டையனைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே இருந்தான், அவனை நான் வைத வசவை இங்கே எழுத முடியாது. கடைசியில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒன்று போட்டார்கள், ஆனால் அதோடு விசிலை ஊதிவிட்டார்கள். சிவப்பு ஜெயித்துவிட்டது. நான் படியிறங்கி ஓடினேன், அப்பா வாசலிலேயே நின்றிருந்தார், நான் மூச்சு வாங்கிக்கொண்டே போடலாங்க, தாராளமாப் போடலாம் என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

மேலே வந்ததும் நான் வழக்கம்போலச் சமையலறைக்குப் போனேன். அப்பா கூப்பிட்டார். முடிவு தெரிஞ்ச மேட்ச்சுக்கு என்ன ராசி, வா, வந்து உக்காரு என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை, சோபாவில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இப்போது சத்தம் உண்டு, ஆட்கள் வரிசையாக மைதானத்துக்குள் வருகிறார்கள், அப்பா சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டு சொல்கிறார், எதிராளிக்கும் சிவப்புதான், அவன் ஊர்ல ஆடுறதால நம்மாளுங்க இன்னைக்கு வெள்ளையில வர்றாங்க. அப்படியானால் ஜெயித்தது எதிராளி. சிவப்பைத் தவிர நம் டீமுக்கு இன்னொரு சட்டை உண்டு என்று இந்த வீட்டில் யாராவது என்றைக்காவது எனக்குச் சொன்னீர்களா? நான் வைத அந்தப் படுபாவி நம் கேப்டனாம், உன் அறைச் சுவரில் படமாக இருக்கிறானே அவன், வாராவாரம் தூசு துடைத்த முகம். இப்போது என்ன செய்வது? நிறுத்துங்க, தோத்துட்டோம் என்று சொன்னால் இப்போதே ஏறும். சொல்லாவிட்டால் கடைசியில் ஏறும். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்கு அடுத்து டிப்போ டாக்டர். எனக்கு அந்தக் குடை அறைதான் கண்ணில் நின்றது. வாயைத் திறக்க முடியவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நெட்டையன் முதல் கோலைப் போடுகிறான், நான் சோபா ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா போடட்டும் போடட்டும், நாமதான ஜெயிக்கப்போறோம் என்கிறார். அதோடு விட்டாரா, திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். எப்டித் திரும்புனான் பாத்தியா, குதிகால்ல பந்து ஒட்டிக்கிட்ட மாதிரி, என்னா அழகுடா சாமி என்று எதிராளியைப் புகழ்கிறார். நம் வீட்டில் இது நடக்கிற காரியமா? அப்புறம் மாத்திரை டப்பாக்களையும் ரிமோட்டையும் மேஜையில் வைத்து ஆஃப்சைடு என்றால் என்ன என்று எனக்கு விளக்கினார், எனக்கு அந்த நேரத்தில் எது மண்டையில் ஏறும், தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டாவது கோல். அடேயப்பா, அப்ப நாம மூணு போட்டிருக்கோம், பெரிய மேட்ச்சுதான் போலிருக்கு என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து நிமிடம் இருக்கும்போது இனிமேதான் பாரு என்றார், ஐந்து நிமிடம் இருக்கும்போதும் இனிமேதான் பாரு என்றார். நம்மாட்கள் ஒன்று போட்டதும் வந்துருச்சு பாத்தியா என்று என் தோளைத் தட்டினார், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் டிவியைப் பார்க்கவேயில்லை, அவர் கழுத்து நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாதாரணமாகத்தான் இருந்தது.

ஊதிவிட்டார்கள். சிவப்புச் சட்டைகள் கட்டிப்பிடித்துக் குதிக்கின்றன. அப்பா டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் டிவியைப் பார்த்தார். நான் உடைந்துவிட்டேன். சிவப்புதான் நம்மன்னு நெனச்சுட்டேங்க, எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.  பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது, முகம் சிவந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். நான் பயந்து அலறியேவிட்டேன். பார்த்தால் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரிக்கிறார். அப்ப மேட்ச் பூரா அவனுங்களுக்கா கை தட்டுன? என்கிறார். தலையணைக்குள்ள கத்தினேங்க என்றேன், அதற்கு இன்னும் சிரிப்பு. எனக்கு நம்பிக்கையில்லை, ஓடிப்போய்ப் பிரஷர் பார்க்கிற மிஷினை எடுத்து வந்து, சிரிக்கிற கையிலேயே பட்டையைச் சுற்றிவிட்டேன். மேட்ச் நாளில் இவ்வளவு குறைவாக அது காட்டி நான் பார்த்ததேயில்லை. ஜெயித்த நாள்களில்கூட இல்லை. அவரும் எட்டிப் பார்த்தார், சிரிப்பு மெல்ல அடங்கியது. தோக்கப்போறோம்னு தெரியாததால இன்னைக்கு மேட்ச்சைப் பாத்தேன், இவ்ளோ வருஷமா நான் மூலையில இருக்கிற நம்பரைத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்போல என்றார். மிஷினைச் சுருட்டி வைத்துவிட்டுத் தோசைக்கல்லோ தட்டோ எதையோ எடுக்கப் போகிறவள் மாதிரி சமையலறைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதேன், நிம்மதியில்தான்.

உடனே ஞானியாகிவிட்டார் என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிக்கும்போதே அந்த ரெஃபரி கண்ணு பொடனியிலயா இருந்துச்சு என்று ஆரம்பித்துவிட்டார், நான் முறைத்ததும் நிறுத்தினார். ஆனால் சனிக்கிழமை ராத்திரி தூங்கினார், சுவர்ப்பக்கம் திரும்பாமல், குறட்டையோடு. திங்கட்கிழமை நானும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு டிப்போவுக்குக் கூடப் போனேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டேன். அவர் வெளியே வந்தபோது நேராக என்னிடம் வரவில்லை, அந்தச் சாமான் அறைக்குப் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். சித்தப்பாவிடம், இனி ஜெயிச்சாலும் தோத்தாலும் சொல்லு, ரெண்டையும் போட்டுப் பாக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். லிஃப்டில் மாட்டியவர்கள் பத்திரமாக வெளியே வந்துவிட்டார்கள், அதில் ஒருவர் நெட்டையன் டீமின் ரசிகராம், உள்ளே இருந்தபடியே சித்தப்பாவிடம் கோல் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். உன் தங்கை பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள், முடிவு வரும்வரை நான் நம்பப் போவதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடு, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்தேன், இதை எழுதத்தான் பேனாவை எடுத்தது. சனிக்கிழமை அவ்வளவு சிரித்துவிட்டு அப்பா முதலில் தேடியது தன் போனை. இதைப் பெரியவன்கிட்ட சொல்லணும், அந்தக் கோலை அவனும் பாத்திருப்பான் என்று உனக்குப் போட்டார். உன் போன் அணைந்திருந்தது. திரும்பப் போட்டார். வேலையா இருப்பான் என்றார். சனிக்கிழமை உனக்கு வேலையில்லை என்று அவருக்குத் தெரியும். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், பிறகு மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்துபோனார். அந்த நடையில் முன் நாள்களின் சோர்வு கொஞ்சம் எட்டிப் பார்த்தது, நான் பொய் சொல்லவில்லை. உன் தங்கை மறைக்கப் பார்த்தாள், நான் விடாமல் கேட்டுப் பிடுங்கிவிட்டேன். தோற்ற நாளெல்லாம் நீ போனை அணைத்துவிடுவாயாம், ஒரு முறை அலமாரிக் கதவைக் குத்திக் கை வீங்கி வேலைக்குப் போகவில்லையாம். அப்பா குளியலறைத் தரையில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன் பெரியவனே, நீ அப்படி உட்கார்ந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? நான் உன்னைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. கத்து, குதி, சட்டையை வேண்டுமானாலும் துவைக்காமல் போட்டுக்கொள். ஆனால் அவர்கள் ஆடி முடித்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள், நீ ஏன் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்?

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், கையும் மனசும் முழுசாக இருக்க வேண்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், அம்மா தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமையும் மேட்ச் இருக்கிறது, மறக்காமல் போனைத் திறந்து வை. ஜெயித்தால் அப்பாவோடு பேச டிப்போ முழுக்க ஆள் இருக்கிறது. தோற்றால் அவர் உனக்குத்தான் போடுவார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா